முகாம் முடிந்த ஜனவரியில்: படிப்பா, ஊழியமா, வேலையா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சபைகளுக்கு டிசம்பர் என்றால் வாலிபர் முகாம். பள்ளி மூடியதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ்கள் டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கமும் தென்கடற்கரைப் பக்கமும் புறப்பட்டுவிடும். பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கை எழுதி முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அந்த முகாம்களில் தலைவர்களாக வேலை செய்கிறார்கள். காலையில் வேத தியானம் நடத்துவதும், பகலில் நீச்சல்குளத்தருகே கண்ணிமைக்காமல் காவல் நிற்பதும், இரவில் வீட்டு ஏக்கத்தில் அழும் சிறுவனைத் தேற்றித் தூங்கவைப்பதும் அவர்கள் பொறுப்பு. வாரக்கணக்கில் அப்படி உழைத்துவிட்டு அவர்கள் வீடு திரும்பும்போது ஜனவரி பாதியாகிவிடுகிறது. அந்த நாட்களில்தான் மெட்ரிக் முடிவும் வெளியாகிறது. அதன் பின்னாலேயே பல்கலைக்கழகப் பதிவு வந்து நிற்கிறது.

ஆகவே, ஒரு பிள்ளை தன் வாழ்வில் இதுவரை காணாத ஆழத்தில் தேவனை உணர்ந்த அதே மாதத்தில், மிகக் கறாரான காலக்கெடுக்களும் அதன் தலைமேல் விழுகின்றன. "நான் படிக்கப் போகவில்லை, ஊழியத்துக்குப் போகிறேன்" என்று மேசையில் ஒரு குரல் எழுகிறது. அப்பா கோபப்படுகிறார், அம்மா போதகருக்குத் தொலைபேசி செய்கிறார். சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மெர்பேங்கிலும் டோங்காட்டிலும் ஆண்டுதோறும் நடக்கும் காட்சி இது. ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறவள் என்ற முறையில் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த பெற்றோரும் பாட்டிமாரும் மூப்பர்களும் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில், வந்து இறங்கிய பிள்ளையைத் தூங்கவிடுங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்ட எலியா, சில நாளிலேயே சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்துக்கிடந்தான். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அடை சுட்டுக் கொடுத்து மறுபடியும் தூங்கவிட்டான். முகாமிலிருந்து வந்த பிள்ளை இரண்டு நாள் பேசாமல் இருந்தாலும், காரணமில்லாமல் அழுதாலும், முகாம் நண்பர்களின் வாட்ஸ்அப் செய்திகளிலேயே மூழ்கிக் கிடந்தாலும் பயப்பட வேண்டாம். எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு இரவும் பகலும் பொறுப்பாக இருந்த உடல் களைத்துத்தான் இருக்கும். அந்தக் களைப்பிலும் பரவசத்திலும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடுத்து ஒரு கேள்வி. வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைக் கேட்காவிட்டால் ஒப்பீடே வீண்: முகாமில் உனக்கு எது பிடித்தது? பிள்ளைகளோடு இருப்பதா, வேதத்தை விளக்குவதா, அல்லது ஒத்த மனமுள்ளவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த அந்த வாழ்வா? மூன்றும் நல்லவைதான். ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு வழிகளைக் காட்டுகின்றன. மூன்றாவதை விரும்பிய பிள்ளை முதலாவதுக்கான அழைப்பு என்று எண்ணிக்கொண்டு போனால், மார்ச் மாதத்துக்குள் மனம் வெறுத்துவிடும்.

கல்லூரி இடம் கிடைத்திருந்தால்

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடமும் கிடைத்து, பணத்துக்கும் வழி இருந்தால், அந்த இடத்தை விடக்கூடாது. படிப்பு ஊழியத்தைவிட உயர்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தக் கதவு மூடும், எந்தக் கதவு திறந்தே இருக்கும் என்பதுதான் என் கணக்கு. ஊழியத்தின் கதவு ஒவ்வொரு ஜனவரியிலும் திறக்கும். பல்கலைக்கழக இடம் அப்படியல்ல. நம் மாகாணமான குவாசூலு-நடாலில் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்கள் சி.ஏ.ஓ. என்னும் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போகின்றன. வழக்கமாக முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே முடிந்துவிடுகின்றன. இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம் என்று யாரும் வாய்வழியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்று விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

பண உதவிக்கும் இதே நிலைதான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்னும் தேசிய மாணவர் நிதியுதவித் திட்டத்தின் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அது அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் மட்டுமே உரியது. அந்த விண்ணப்பமும் பெரும்பாலும் முந்தைய ஆண்டிலேயே முடிகிறது. உதவி அனுமதிக்கப்பட்ட பிள்ளை ஜனவரியில் அதை விட்டுவிட்டுப் போனால், அடுத்த முறை எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.

முகாமில் பிள்ளைகளோடு இருப்பதுதான் உயிராக இருந்தது என்று சொல்லும் வாலிபருக்கு, அந்த ஆசையையே தொழிலாக்கும் படிப்புகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குழந்தை மற்றும் இளைஞர் பராமரிப்பு என்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகத்தில் சமூகப்பணியும், பைன்டவுனில் உள்ள எட்ஜ்வுட் வளாகத்தில் ஆசிரியர் படிப்பும் இருக்கின்றன. இரண்டும் நான்கு ஆண்டுகள். ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கு 2007 முதல் ஃபுன்சா லுஷாகா என்னும் அரசு உதவித்தொகை வழங்கப்படுகிறது. எத்தனை ஆண்டு அந்தப் பணத்தில் படிக்கிறார்களோ, அத்தனை ஆண்டு அரசுப் பள்ளியில் கற்பிக்க வேண்டும். முகாமில் சில வாரம் செய்ததை இந்தப் பிள்ளை நாற்பது ஆண்டு செய்யலாம். சாட்ஸ்வர்த் வீதிகளில் ஷுகர்ஸ் என்னும் ஹெராயின் கலந்த மலிவான போதைக்குள் எத்தனை பதினைந்து வயதுப் பிள்ளைகள் விழுந்தார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளை ஜெபத்தோடு அணுகும் ஒருவர், பயிற்சி பெற்றவராகவும், சமூக சேவைத் தொழில்களுக்கான மன்றத்தில் பதிவு செய்தவராகவும் இருந்தால், நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் அவர் சொல்லுக்கு எடை உண்டு. நல்ல மனது மட்டும் உள்ளவருக்கு அந்தக் கதவுகள் திறப்பதில்லை.

படிப்பை உலகப்பிரகாரமானது என்று ஒதுக்கிப் பேசும் பிரசங்கங்களைக் கேட்டால் எனக்கு வேதனையாக இருக்கிறது. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் உயர்பள்ளி இல்லாத காலம் இருந்தது. வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி இங்கே இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்தபோது முயற்சி எடுக்க, கரும்புத் தோட்டத்திலும் காய்கறிச் சந்தையிலும் உழைத்த நம் மக்கள் காசு கொடுக்க, 1929இல் சாஸ்திரி கல்லூரி என்னும் உயர்பள்ளி திறக்கப்பட்டது. எழுத்தறியாத மனிதர்கள் தங்கள் பிள்ளைகள் எழுத வேண்டும் என்று கொடுத்த பணம் அது. அதைக் காணிக்கைக்குக் குறைந்ததாக என்னால் எண்ண முடியவில்லை.

படிக்கப் போகும் பிள்ளை முகாமை மறந்துவிடும் என்ற பயம் சபையில் இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. விடுதிக்குப் போய் மூன்று மாதத்தில் சபைத் தொடர்பு அறுந்துபோன பிள்ளைகள் பலர். ஆனால் அதற்கு மருந்து, படிப்பை நிறுத்துவதாக இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை வாலிபர் கூட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். பெயரைச் சொல்லி, வேலையைச் சொல்லிக் கொடுங்கள். "வந்து போ" என்றால் வரமாட்டார்கள். "ஆறாம் வகுப்புப் பையன்கள் உன் பொறுப்பு" என்றால் வருவார்கள்.

ஓராண்டு ஊழியம்

இங்கேதான் அதிக நேரம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரில் வெவ்வேறு ஏற்பாடுகள் ஓடுகின்றன.

முதல் வகை, சர்வதேச அமைப்புகளின் பயிற்சி. இளைஞர் மிஷன் இயக்கமான ஒய்வேமின் சீடத்துவப் பயிற்சிப் பள்ளி ஏறக்குறைய ஆறு மாதம்: முதல் மூன்று மாதம் வகுப்பு, பிறகு ஊழியப் பயணம். மியூசன்பெர்க்கிலும் வொர்செஸ்டரிலும் அவர்களுக்கு நிலையங்கள் உண்டு. இதற்குச் சம்பளம் கிடையாது, கட்டணம்தான் உண்டு. அந்தப் பணத்தைப் பிள்ளையே சபையிலும் உறவினரிடமும் கேட்டுத் திரட்ட வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் பாட்டி தன் மருந்துப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறாரா என்று பார்க்க வேண்டியது பெற்றோரின் கடமை. ஆறு மாதம் என்பதால் இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: மீதி ஆறு மாதத்தில் அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்களைச் செய்துவிடலாம். பயிற்சி ஜனவரியில் தொடங்கினால், செப்டம்பர் காலக்கெடுவுக்குப் பிள்ளை வீட்டில்தான் இருக்கும்.

இரண்டாவது வகை, உள்ளூர்ச் சபையிலோ முகாம் நடத்திய அமைப்பிலோ ஓராண்டு உதவியாளர். நம் பிள்ளைகள் அதிகம் தேர்ந்தெடுப்பது இதைத்தான், நான் அதிகம் எச்சரிப்பதும் இதைப் பற்றித்தான். நல்ல போதகரின் கீழ் ஓராண்டு இருப்பது பெரிய பாக்கியம். மரண வீட்டில் என்ன பேசுவது, கணக்குப் புத்தகத்தை எப்படி எழுதுவது, கோபமாக வந்த பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பதை எந்த வகுப்பும் அப்படிக் கற்றுத் தராது. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாத ஏற்பாடாக இருந்தால், ஏப்ரலுக்குள் அந்தப் பிள்ளை சபையின் ஓட்டுநராகவும், நாற்காலி அடுக்குகிறவராகவும், ஒலிபெருக்கி பார்க்கிறவராகவும் மட்டுமே ஆகிவிடும். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் சம்பளம் பெறாத தன்னார்வலர்களுக்குப் பொருந்தாது. அதாவது, வாரம் அறுபது மணி நேரம் வேலை வாங்கினாலும் கேட்க அந்தச் சட்டம் வராது. ஆகவே நாம்தான் கேட்க வேண்டும்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நாள் ஓய்வு, பயணச் செலவு யாருடையது, மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசி வழிநடத்தப்போகும் மூத்தவர் யார், டிசம்பரில் என்ன சான்றிதழ். ஒரு பக்கத் தாளில் எழுதித் தருவதற்குத் தயங்கும் அமைப்பில் பிள்ளையை விட வேண்டாம். அன்பினால் நடக்கும் வேலைக்குத் தாள் எதற்கு என்று கேட்பார்கள். திருமணமும் அன்பினால்தான் நடக்கிறது. பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் எந்தப் போதகரும் நடத்தி வைப்பதில்லை.

பிள்ளைகளோடு வேலை செய்யும் யாராக இருந்தாலும், 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி அவர்கள் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். படிவம் 30 என்று கேட்டால் சமூக மேம்பாட்டுத் துறையில் தெரியும். தன்னிடம் அதைக் கேட்காத அமைப்பு மற்றவர்களிடமும் கேட்டிருக்காது என்பதைப் பிள்ளை புரிந்துகொள்ள வேண்டும். இது யாரையும் சந்தேகிப்பதாகாது. சிறு பிள்ளைகளைக் காப்பது.

இந்த ஓராண்டு யாருக்குப் பொருந்தும்? கல்லூரி இடம் கிடைக்காதவருக்கும், கிடைத்த இடம் தனக்கு வேண்டாத படிப்பாக இருக்கிறவருக்கும் மிக நன்றாகப் பொருந்தும். அப்பா சொன்னார் என்பதற்காகக் கணக்கியலில் போய் உட்கார்ந்து, முதலாண்டிலேயே தோற்று, உதவித்தொகையின் ஓராண்டையும் இழப்பதைவிட இது எவ்வளவோ மேல். இடம் கிடைத்த பிள்ளைக்கு அழைப்பு அவ்வளவு உறுதியாக இருக்கிறதென்றால், பிப்ரவரி முடியும்வரை ஜெபித்துப் பார்க்கட்டும், வகுப்புக்குப் போய்க்கொண்டே.

வேதாகமக் கல்லூரி

வேதத்தை விளக்கும்போதுதான் தன் உள்ளம் கொழுந்துவிட்டது என்று சொல்லும் பிள்ளை, தயங்காமல் இறையியல் படிக்கலாம். ஆனால் எங்கே என்பது முக்கியம். தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் சொல்கிறது. பதிவும் அங்கீகாரமும் இல்லாத இடத்தில் பெற்ற சான்றிதழ் சபைக்குள் மதிக்கப்படலாம். வெளியே அதைக் காட்டி மேற்படிப்புக்கோ ஆசிரியர் பணிக்கோ போக முடியாது. தனியார் வேதாகமக் கல்லூரிக்கு என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். பணமும் வராது. பணம் இல்லாத வீட்டுக்கு இரண்டு நல்ல வழிகள் தெரிகின்றன. ஒன்று, குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில் உள்ள இறையியல் படிப்பு. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் உதவிக்கு விண்ணப்பிக்க இடமுண்டு. மற்றொன்று, வேலை செய்துகொண்டே தொலைநிலையில் படிப்பது. 1996இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க இறையியல் கல்லூரி முழுவதும் தொலைக்கல்வியாகவே நடக்கிறது. யுனிசா என்னும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1946 முதல் தொலைநிலைக் கல்வி தருகிறது. பவுல் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே பிரசங்கித்தவர். நம் சபைகளில் பல போதகர்களும் பகலில் வேலை, மாலையில் ஊழியம் என்றுதான் வாழ்கிறார்கள். பதினெட்டு வயதில் தொடங்குவதைவிட, இரண்டு மூன்று ஆண்டு உலகத்தில் வேலை செய்துவிட்டு இறையியலுக்குப் போகிறவர்களின் பிரசங்கத்தில் வாழ்க்கையின் மண் அதிகமாக ஒட்டியிருப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

அமெரிக்க முகாம்

இங்கே முகாமில் வேலை செய்தவர்களை அமெரிக்க முகாம்களுக்கு அழைக்கும் விளம்பரங்கள் வருகின்றன. அங்கே கோடை என்பது ஜூன் முதல் ஆகஸ்ட்வரை. ஜே-1 விசாவில் முகாம் தலைவராக அதிகபட்சம் நான்கு மாதம் வேலை செய்யலாம், வயது பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும், அமெரிக்க அரசு ஏற்ற ஓர் அமைப்பு பொறுப்பேற்க வேண்டும். நம் கல்வியாண்டு பிப்ரவரி முதல் நவம்பர்வரை என்பதால், அந்த மூன்று மாதத்துக்காக ஓராண்டு படிப்பு நின்றுவிடும். தங்குமிடமும் சாப்பாடும் கொடுப்பார்கள். கிடைக்கும் பணம் முகவர் கட்டணத்துக்கும் விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் பெரும்பாலும் சரியாகப் போய்விடும். உலகத்தைப் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளையை நான் தடுக்கமாட்டேன். ஆனால் இதைச் சம்பாத்தியம் என்று எண்ணிக் கடன் வாங்கி அனுப்ப வேண்டாம். பட்டம் முடித்த ஆண்டில் போனால் எதுவும் இழப்பதில்லை.

வேலை

வேலைக்குப் போகிறேன் என்கிற பிள்ளையை நம் சபைகள் பாராட்டுவதே இல்லை. ஊழியத்துக்குப் போகிறவரை மேடையில் நிறுத்திக் கைவைத்து ஜெபிக்கிறோம். வீட்டு வாடகைக்காகக் கடையில் நிற்கப் போகிறவரைப் பெயர்கூடச் சொல்வதில்லை. இந்த நாட்டில் 15 முதல் 24 வயதுவரை உள்ளவர்களில் வேலை தேடும் ஐந்து பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு வேலை இல்லை. அதில் வேலை தேடிப் பிடிப்பதே ஒரு சாட்சி. 2018இல் தொடங்கிய யெஸ் என்னும் இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டம் 18 முதல் 35 வயதுவரை உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு மாத வேலை அனுபவம் தருகிறது. உதவித்தொகையோடு தொழில் கற்கும் லேர்னர்ஷிப்களும் இருக்கின்றன. அரசுத் தொழிற்கல்லூரிகளில் என்4 முதல் என்6 வரையான மூன்று நிலைகளைப் பதினெட்டு மாதம் படித்து, பதினெட்டு மாதம் வேலைத்தளத்தில் இருந்தால் டிப்ளோமா. முகாமில் செய்ததை வேலை விண்ணப்பத்தில் எழுதப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். எட்டுச் சிறுவர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தது, முதலுதவி செய்தது, நிகழ்ச்சி திட்டமிட்டது, சண்டை தீர்த்தது எல்லாம் முதலாளிகள் தேடும் தகுதிகள்தான். "முகாம் ஊழியம்" என்று மட்டும் எழுதாமல் இவற்றை விரித்து எழுதி, முகாம் இயக்குநரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் ஜனவரியிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஜூலையில் கேட்டால் அவருக்கு முகம் நினைவிருக்காது.

எந்த வழியானாலும், பிள்ளை திரும்பி வருவது ஒரு தமிழ் வீட்டுக்கு. நம்மில் பல வீடுகளில் ஒரு பக்கம் சபை, மறுபக்கம் கோயில். முகாம் முடிந்த சில நாளிலேயே தைப்பூசக் காவடி வரும்; அம்மா வழிப் பாட்டி விரதம் இருப்பார், மாமா காவடி எடுப்பார். முகாமில் பற்றிய தீயோடு வந்த பிள்ளை அவர்களிடம் வாதாடத் தொடங்கினால், அந்தப் பிள்ளை எந்த ஊழியத்துக்கும் இன்னும் தயாராகவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். விரதம் இருக்கும் பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, தான் கற்றதைக் கேட்டால் மட்டும் பணிவாகச் சொல்லும் பிள்ளையைத்தான் அந்நியரிடம் அனுப்ப எனக்குத் தைரியம் வரும். அழைப்பு உண்மைதானா என்று போதகர் சோதிக்க விரும்பினால் அந்த வீட்டுக்குப் போய் பாட்டியைக் கேட்கலாம்.

கடைசியாக, மெட்ரிக்கில் தேறாத பிள்ளை. முகாமில் அத்தனை பேருக்கும் தலைவனாக இருந்துவிட்டு, அந்த வாரமே தோல்வியைக் கையில் வாங்கும் பிள்ளைக்கு ஓராண்டு ஊழியம் என்பது ஒளிந்துகொள்ள ஓர் இடமாகிவிடக்கூடும். சபையும் இரக்கப்பட்டு உடனே சேர்த்துக்கொள்ளும். அப்படிச் செய்ய வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் மறுதேர்வு நடக்கிறது. 2016 முதல் கல்வித்துறை இரண்டாவது வாய்ப்புத் திட்டம் என்று இலவச வகுப்புகளும் பாடப்பொருள்களும் தருகிறது. பதிவு ஆண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும் என்பதால், வருந்தி உட்கார நாட்கள் இல்லை. அந்தப் பிள்ளையை மலைக்கு அழைத்துப்போன வாலிபர் தலைவர் யாரோ, அவரே கல்வி அலுவலகத்துக்கும் கூடப் போகட்டும், வரிசையில் பக்கத்தில் நிற்கட்டும். ஜூன்வரை வாரம் இரண்டு மாலை கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். இந்த ஞாயிறே அவர்களிடம் கேளுங்கள்.